கைராசியைக் கழித்த கணக்கு

அடுத்தடுத்த வயல்கள். ஒரே நாற்று, ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே கடையில் வாங்கிய உரம். ஒருவருக்கு ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்டுமுதல் காண்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருபத்து நாலைத் தாண்டவில்லை. ஊரில் இதற்கு விளக்கம் தயாராக இருக்கும்: "அவருக்குக் கைராசி." கொஞ்சம் யோசித்துப் பேசுகிறவர்கள் மண்வாகு என்பார்கள். கைராசியோ மண்வாகோ, வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறுவதில்லை. எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் அதை எழுதக் கட்டமும் கிடையாது. ஆனால் கண்டுமுதலைத் தீர்மானிப்பதில் உரத்துக்கும் தண்ணீருக்கும் இணையான பங்கு அதற்கு உண்டு.

கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரக்கைக் கணக்கிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது? 1961இல் யாயர் முண்ட்லாக் என்ற இஸ்ரேலியப் பொருளியலாளர் வேளாண் பொருளாதார இதழ் ஒன்றில் இதற்கு வழி சொன்னார். விவசாயியின் நிர்வாகத் திறமையை யாராலும் அளக்க முடியாது. அளக்காமல் விட்டால் உரம், ஆள், நிலம் பற்றிய கணக்கெல்லாம் கோணலாகும் என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். ஒரே பண்ணையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால், அளக்காமலேயே அந்தத் திறமையைக் கழித்துவிடலாம் என்று காட்டினார். கைராசியைக் கழிக்கும் கணக்கு அது. இன்றைக்கு இதன் பெயர் நிலைவிளைவுத் தொடர்புப்போக்கு. பொருளியல் படிக்கிற எந்த முனைவர் பட்ட மாணவரும் இதைத் தொடாமல் கரையேற முடியாது.

ஏலாக்குறிச்சியை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிதில் பிடிபடும். அரியலூர் மாவட்டம், திருமானூர் ஒன்றியம். தெற்கே கொள்ளிடம், ஆற்றைத் தாண்டினால் தஞ்சை மாவட்டம். கரையோரம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். வடக்கே போகப்போக நிலம் மேடேறுகிறது. நெல்லும் கரும்பும் குறைந்து, கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் வருகின்றன. இன்னும் தள்ளிப் போனால் செம்மண்ணும் முந்திரியும்தான். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மண் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறவர் ஏமாறுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

மூன்று வயல்களைக் கற்பனை செய்துகொள்வோம். எண்கள் நான் இட்டவை. கையாலேயே போட்டுப் பார்க்க வசதியாக வைத்திருக்கிறேன். ஆற்றோர வயல்காரர் மூன்று ஆண்டுகளில் ஏக்கருக்கு 1, 2, 3 மூட்டை யூரியா போடுகிறார்; கண்டுமுதல் 30, 32, 34 மூட்டை. நடுவில் இருப்பவர் 2, 3, 4 மூட்டை போட்டு 25, 27, 29 எடுக்கிறார். மேட்டு நிலத்துக்காரர் 3, 4, 5 போட்டும் 20, 22, 24தான் கிடைக்கிறது.

இந்த ஒன்பது வரிகளையும் ஒரே குவியலாகக் கொட்டி, யூரியாவுக்கும் நெல்லுக்கும் இடையே நேர்கோடு ஒன்று போடச் சொன்னால் மென்பொருள் என்ன சொல்லும்? யூரியா ஒரு மூட்டை கூடினால் நெல் ஒன்றரை மூட்டை குறையும் என்று சொல்லும். கூட்டல் கழித்தலில் தவறே இல்லை. ஆனால் அந்த மூன்று பேரிடமும் போய்க் கேட்டுப் பாருங்கள்: யூரியா ஒரு மூட்டை கூட்டிய ஒவ்வொரு முறையும் அவரவர் வயலில் நெல் இரண்டு மூட்டை கூடியிருக்கிறது. ஒருவருக்குக்கூடக் குறையவில்லை.

மண் ஏழையாக இருப்பதால்தான் மேட்டு நிலத்துக்காரர் உரத்தை அள்ளிப் போடுகிறார். வண்டல்காரருக்கு ஆறே பாதி உரத்தைக் கொடுத்துவிடுகிறது. மண்ணின் குறையை உரத்தின் தலையில் கட்டிவிட்டது குவியல் கணக்கு. மருத்துவமனைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் சாகிறார்கள், ஆகவே மருத்துவமனையை மூடு என்பது போன்ற வாதம் இது.

முண்ட்லாக்கின் வழி என்னவென்றால், ஒவ்வொரு வயலுக்கும் அதன் சொந்தச் சராசரியைக் கண்டுபிடித்து அதிலிருந்து கழித்துவிட வேண்டும். ஆற்றோர வயலின் யூரியாச் சராசரி 2, நெல் சராசரி 32. கழித்தால் யூரியா −1, 0, 1 என்றும் நெல் −2, 0, 2 என்றும் ஆகும். மற்ற இரண்டு வயல்களிலும் கழித்துப் பாருங்கள். அதே எண்கள் வரும். வண்டல், மேடு என்ற வித்தியாசமே மறைந்துவிட்டது. மாறாத எதுவும் சராசரியோடு சேர்ந்து கழிபட்டுப்போகும் என்பதுதான் இதன் சூட்சுமம். மிச்சமிருக்கும் எண்களில் கோடு போட்டால், யூரியா ஒன்று கூடினால் நெல் இரண்டு கூடும் என்ற உண்மை வெளியே வருகிறது. அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடாமல், போன வருடத்து நம்மோடு நம்மையே ஒப்பிட்டுக்கொள்வது. அவ்வளவுதான்.

இந்த வித்தை பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. அதே வயலை, அதே ஆளை, ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். அப்படித் திரட்டியதைத்தான் பேனல் தரவு என்கிறார்கள். ஒரே வருடத்தில் பத்தாயிரம் விவசாயிகளைக் கேட்டாலும் இதற்கு உதவாது. ஆளுக்கு ஒரு வரி மட்டும் இருந்தால் தன்னிலிருந்து தன்னைக் கழித்துப் பூஜ்யம்தான் மிஞ்சும். அதனால்தான் ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலிருக்கும் இக்ரிசாட் நிறுவனம் 1975இல் தொடங்கிய கிராம ஆய்வுக்கு உலகப் பொருளியலில் இத்தனை மதிப்பு. மகபூப்நகர், சோலாப்பூர், அகோலா மாவட்டங்களில் ஆறு கிராமங்கள், கிராமத்துக்கு நாற்பது குடும்பங்கள். வெறும் 240 குடும்பங்கள்தாம். ஆனால் ஆய்வாளர்கள் கிராமத்திலேயே தங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். நாடு முழுவதும் எடுத்த பேனலும் நம்மிடம் உண்டு. இந்திய மனித வளர்ச்சி ஆய்வு 2004–05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. 2011–12இல் திரும்பிப் போய் அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேலானவற்றை மீண்டும் கண்டுபிடித்துப் பேசியது. ஏழு வருடம் கழித்து அதே வீட்டைத் தேடிப் பிடிப்பது என்ன பாடு என்பது களத்தில் அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கணக்கின் பயன் உரத்தோடு நிற்கவில்லை. 1950களில் இந்திய அரசு நடத்திய பண்ணை மேலாண்மை ஆய்வுகளில் (சென்னை மாகாணத்தில் சேலமும் கோயம்புத்தூரும்) ஒரு விசித்திரம் தெரிந்தது: சிறு விவசாயியின் ஏக்கர் விளைச்சல் பெரிய விவசாயியுடையதைவிடக் கூடுதல். 1962இல் அமர்த்தியா சென் இதை எடுத்துப் பேசி, சொந்தக் குடும்பத்தின் உழைப்பைக் கூலி பார்க்காமல் கொட்டுவதே காரணம் என்றார். மறுத்தவர்கள், நல்ல மண்ணுள்ள இடத்தில் நிலம் துண்டுதுண்டாகப் பிரிகிறது, காரணம் உழைப்பல்ல, மண் என்றார்கள். கொள்ளிடக் கரையையும் மேட்டுக் காட்டையும் ஒருமுறை பார்த்தவருக்கு இந்த மறுப்பு சட்டென்று புரியும். நிலச் சீர்திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியலே இந்தக் கேள்வியில் தொங்கியதால், பல பத்தாண்டுகள் சண்டை ஓடியது. மாறாத மண்ணைக் கழித்துவிட்டுப் பார்ப்பது சண்டையைத் தீர்க்க ஒரு வழி. 2003இல் ரஸ்ஸல் லாம்ப் இக்ரிசாட் தரவில் அதைச் செய்து பார்த்தார். மண்ணின் தரமும் கூலிச் சந்தையின் குறைகளும் நிறையவே விளக்கின. ஆனாலும் நிலைவிளைவுக் கணக்கில் அந்தத் தலைகீழ் உறவு ஒழியவில்லை. நிலத்தை அளந்ததில் இருந்த பிசகு அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று முடித்தார். இந்தப் பிசகைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மென்பொருளில் இதைச் செய்வது ஒரு வரி வேலை. ஸ்டேட்டாவில் முதலில் எது அலகு, எது காலம் என்று எக்ஸ்டிசெட் கட்டளையால் அறிவித்துவிட்டு, எக்ஸ்டிரெக் கட்டளையை எஃப்இ என்ற குறிப்போடு தட்டினால் முடிந்தது. ஆர் மொழியில் பிஎல்எம், ஃபிக்ஸெஸ்ட் தொகுப்புகள் இலவசம். வயலுக்கு ஒன்றாகப் போலி மாறி வைத்துச் சாதாரணத் தொடர்புப்போக்கு போட்டாலும் அதே விடைதான் வரும். இரண்டும் ஒன்றே என்பதற்கான நிரூபணம் ஃபிரிஷ், வா என்ற இருவரின் 1933ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் நாற்பதாயிரம் குடும்பத்துக்கு நாற்பதாயிரம் போலி மாறி வைத்தால் கணினி திணறும். ஆகவே உள்ளே நடப்பது நாம் கையால் செய்த கழித்தல்தான்.

தட்டுவதற்கு முன்னால் வரும் வேலையில்தான் முக்கால்வாசி பேர் இடறுகிறார்கள். அதே ஆள் என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

ஏலாக்குறிச்சிக்கு இதில் ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. அடைக்கல மாதா ஆலயத்தால் அறியப்படுகிற இந்த ஊர் வீரமாமுனிவரின் ஊர். இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழில் 1732இல் சதுரகராதியைத் தொகுத்த பெஸ்கி பாதிரியார் இங்கே தங்கிப் பணி செய்தார். ஓலையில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் புள்ளி ஒன்றுதான் வித்தியாசம். ஓலை பொத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள் அந்தப் புள்ளியையும் விட்டுவிட, படிக்கிறவர் சூழலைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. எகரத்தின் அடியில் கோடிழுத்து ஏகாரத்தைத் தனி எழுத்தாக்கிய பெருமையை நம் மரபு அவருக்குக் கொடுக்கிறது. அவர் வாழ்ந்த ஊரின் பெயரே அந்த ஏகாரத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது ஒரு தரவுக் கோப்பைத் திறங்கள். முதல் ஆண்டுப் பட்டியலில் ஏலாக்குறிச்சி, இரண்டாம் ஆண்டில் ஏலக்குறிச்சி, மூன்றாம் ஆண்டில் எலாகுறிச்சி. ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்து, பெஸ்கிக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிப் போனதுபோல. மனிதக் கண் மூன்றும் ஒரே ஊர் என்று கடந்துபோகும். மென்பொருளுக்கு அவை மூன்று ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. தன் சராசரியைக் கழித்தால் பூஜ்யம். ஏலாக்குறிச்சி சத்தமில்லாமல் கணக்கிலிருந்து மறைந்துபோகும். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி எதுவும் வராது. விடை வழக்கம்போல அழகாக அச்சாகும். பெயரை நம்பாதீர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமக் குறியீட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அனுபவசாலிகள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். குறியீடும் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறுகிறது என்பது வேறு கதை.

பிழைச் செய்தி வருகிற இடமும் ஒன்று உண்டு. ஒரே அலகில் ஒரே காலம் இருமுறை வருகிறது என்று எக்ஸ்டிசெட் முரண்டு பிடிக்கும். பதறிப்போய் இரண்டில் ஒன்றை அழித்துவிடுகிற மாணவர்களைப் பற்றி வழிகாட்டிகள் தலையிலடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது பிழையே அல்ல. அந்த விவசாயி அந்த வருடம் குறுவையும் போட்டிருப்பார், தாளடியும் போட்டிருப்பார். அழிக்க வேண்டியது வரியை அல்ல, 'காலம் என்றால் ஆண்டு' என்ற நம் நினைப்பை. சம்பாவோ ஆகஸ்டில் தொடங்கித் தை மாதத்தில் முடிகிற பயிர். ஆங்கில ஆண்டு அதை நடுவில் வெட்டிவிடுகிறது. ஜூலை முதல் தேதி தொடங்குகிற பசலி ஆண்டு இந்த வேலைக்கென்றே செய்து வைத்ததுபோல் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் இன்றும் பசலிக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. பயிர்த் தரவு ஆராய்கிறவர்கள் அதைக் கொஞ்சம் மதிக்கலாம்.

கட்டளையைத் தட்டிய பிறகு வருகிற முதல் அதிர்ச்சி, மாறிகள் காணாமல் போவது. மண்ணின் வகையைச் சேர்த்தோம், சாதியைச் சேர்த்தோம், ஆற்றிலிருந்து தூரத்தைச் சேர்த்தோம். விடையில் மூன்றுக்கும் எதிரே 'விடப்பட்டது' என்று இருக்கும். மென்பொருள் கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். அந்த மூன்றும் வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை. கைராசியோடு சேர்ந்து அவையும் கழிபட்டுவிட்டன. இந்த முறை மாறாதவற்றின் தொந்தரவிலிருந்து நம்மைக் காப்பாற்றும். மாறாதவற்றைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாது. நிலத்தில் சாதியின் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ள வந்தவர் இந்தக் கதவைத் தட்டக் கூடாது. மாறாதது முக்கியமில்லாதது என்று ஆகிவிடாது. இந்தியாவில் அது பல சமயம் தலைகீழ்.

இரண்டாவது அதிர்ச்சி பின்னால், பெரும்பாலும் மதிப்பீட்டாளர் வாயிலாக வரும். எக்செல்லில் சராசரியைக் கையால் கழித்துவிட்டுச் சாதாரணத் தொடர்புப்போக்கு போட்டவர்களுக்குச் சரிவு சரியாகவே கிடைக்கும். திட்டப்பிழை மட்டும் தவறு. ஒவ்வொரு அலகின் சராசரியையும் தரவிலிருந்தே கறந்தோம் என்பது அந்தக் கட்டளைக்குத் தெரியாது. குடும்பத்துக்கு இரண்டே சுற்றுகள் இருக்கும் பேனலில் இதனால் திட்டப்பிழை ஏறக்குறைய 1.4 மடங்கு சிறுத்துக் காட்டும். இல்லாத துல்லியத்தைக் காட்டி ஏமாற்றும். அதற்கும் மேலே, ஒரே வயலின் மூன்று ஆண்டுகள் மூன்று தனிச் சாட்சிகள் ஆகிவிடாது. கடன் ஏறிய வருடத்தின் நிழல் அடுத்த வருடத்திலும் விழும். அதனால் அலகுவாரியாகக் கொத்தாக்கித் திட்டப்பிழை கணக்கிட வேண்டும். இதற்கு ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தால் போதும். சேர்க்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஊருக்கே பொதுவாக வருகிற நல்லது கெட்டதை என்ன செய்வது? 2016இல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வருடம் உரம் போட்டவருக்கும் விளையவில்லை, போடாதவருக்கும் விளையவில்லை. எனவே வயலுக்கு ஒரு சராசரி கழித்ததுபோல ஆண்டுக்கும் ஒன்று கழிக்கிறார்கள், இரட்டை நிலைவிளைவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆண்டு விளைவு எல்லோரையும் சமமாகத் தாக்குவதாக எண்ணிக்கொள்கிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் கதவணை மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. அப்படி ஆறு சீறும் வருடத்தில் படுகை நிலம் முழுகும். மேட்டுக் காட்டுக்கு அது வெறும் செய்தி. வறட்சியிலோ மானாவாரிக்காரர் முதலில் விழுவார், போர் வைத்திருப்பவர் தாக்குப்பிடிப்பார். ஆண்டுக்கு ஒரே எண்ணைக் கழித்தால் இந்தப் பேதம் அப்படியே மிஞ்சும்.

அதே 2018இல் இன்னொன்றும் நடந்தது. மார்ச் மாதம் முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு இறங்கியது. விவசாயியைக் கேட்டால் மூட்டைக் கணக்கில்தான் சொல்வார். முன்பு ஒன்பது போட்ட நிலத்துக்கு இப்போது பத்து என்பார். உரம் கூடவில்லை, கோணி சுருங்கியது. மூட்டையை மடக்கையாக மாற்றிக்கொண்டால், இந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே அளவு என்பதால் ஆண்டு விளைவு அதை விழுங்கிவிடும். மாற்றாமல் அப்படியே போட்டால் விழுங்காது. இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் கட்டளை எந்த மென்பொருளிலும் இல்லை. உரக்கடைப் பக்கம் ஒருநாள் நின்றவருக்குத் தெரியும்.

அளவைப் பிசகு என்று மேலே விட்ட விஷயமும் இந்த இனம்தான். வயல்களுக்கு இடையேயான வித்தியாசம் பெரியது. ஒரே வயலுக்குள் வருடத்துக்கு வருடம் வரும் வித்தியாசம் சிறியது. பெரியதைக் கழித்துத் தள்ளிவிட்டுச் சிறியதை மட்டும் வைத்துக்கொள்கிறோம். விவசாயி நினைவிலிருந்து சொன்னதில் அரை மூட்டை தவறு இருந்தால், மொத்தக் குவியலில் அது கடுகு. கழித்த பிறகு மிஞ்சியதில் அது பூசணி. நிலைவிளைவுக் கணக்கு 'பயனில்லை' என்று சொன்னால் உரத்தில் பயனில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். படிவத்தை நிரப்பியவரின் கையெழுத்தையும் ஒருமுறை பாருங்கள்.

கைராசி மாறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த முறையிடம் பதில் கிடையாது. தந்தை கையிலிருந்து மகன் கைக்கு நிலம் போகிறது. வேளாண் அலுவலர் ஒருவர் வந்து இலை வண்ண அட்டையைக் காட்டிவிட்டுப் போகிறார். போன போகத்தில் நன்றாக விளைந்ததால் கையில் காசு புரண்டு, இந்தப் போகம் உரம் கூடுகிறது. மூன்றிலும் மாறாதது என்று நாம் எண்ணியது மாறுகிறது, அல்லது நேற்றைய விளைச்சல் இன்றைய உரத்தைத் தீர்மானிக்கிறது. கழித்தல் இவற்றைத் தொடாது.

அலகே மாறிவிடுவது இன்னும் மோசம். மாவட்டவாரியான பேனல் தரவில் அரியலூரைத் தேடுகிறவர் படும் பாட்டைப் பாருங்கள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைப் பிரித்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. இந்தப் பகுதி அதற்குள் போனது. 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஏலாக்குறிச்சி இருந்த இடத்திலேயே இருக்க, பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் மாவட்டம் நான்கு முறை மாறியது. 'பெரம்பலூர்' என்ற ஒரே பெயர் 2000இல் ஒரு நிலப்பரப்பையும் 2001இல் வேறொன்றையும் குறிக்கிறது. ஒரு ஆண்டில் கரிசலும் வண்டலும் சேர்ந்த சராசரி. மறு ஆண்டில் கொள்ளிடக் கரையே இல்லாத சராசரி. நெல் விளைச்சல் திடீரென்று விழுந்ததாகக் கணக்குக் காட்டும். அதற்குக் காரணம் தேடிக் கட்டுரை எழுதுகிறவர்களும் கிடைப்பார்கள்.

இதற்குத் தரவுத் தொகுப்பாளர்கள் கண்ட வழி, காலத்தைப் பின்னோக்கி உறைய வைப்பது: பழைய எல்லை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, பிறகு பிறந்த மாவட்டங்களின் எண்களையெல்லாம் தாய் மாவட்டத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. இக்ரிசாட்டின் மாவட்டத் தரவு அப்படி 1966ஆம் ஆண்டு எல்லையில் நிற்கிறது. அந்தக் கோப்பில் ஏலாக்குறிச்சி இன்றைக்கும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் இருக்கிறது.